நிறைந்தது தெரியாத இயந்திரம்

அத்தியாயம் 14

“தண்ணி நெறஞ்சிருச்சின்னு இதுக்கு எப்படிங்க தெரியும்? கண்ணா இருக்கு?”

“கண்ணு இல்ல. மூச்சு இருக்கு. இந்தா, இந்தக் கறுப்புக் குழாயப் பாரு. அடியில தண்ணி ஏற ஏற, குழாய்க்குள்ள இருக்கிற காத்த மேல நெருக்கும். காத்து போயி இந்த வட்ட டப்பாவுல முட்டும். போதும்டா சாமின்னு டப்பா ‘டிக்’குன்னு சொல்லும். தண்ணி நின்னுரும்.”

“காத்து வரலன்னா?”

“வரலன்னா மெசினுக்கு வயிறு காலின்னே நெனப்பு. குடிச்சிக்கிட்டே இருக்கும். நம்ம கல்யாணத்துல ஒன் மாமன் குடிச்ச மாதிரி.”

அன்று சிரித்த சிரிப்பில் கமலவேணியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நடராஜன் அரை மணி நேரம் துழாவி அதை எடுத்தான். துழாவிக்கொண்டே அவள் மாமனைப் போல் தள்ளாடியும் காட்டினான்.

இரண்டு வருடம் ஆகிறது. அதே ஸ்க்ரூ டிரைவர் இன்று அவள் இடுப்பில் செருகியிருந்தது. தள்ளாடிக் காட்டியவன்தான் இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணி. காஜா பெராங் வீட்டின் பின்கட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மிதியடி ஒன்று படகுபோல் மிதந்து சமையலறை வாசலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. மூலையில் நின்ற வெள்ளைச் சலவை இயந்திரம் விளிம்பு வழிய நிறைந்திருந்தும், இன்னும் ஆவலோடு குடித்துக்கொண்டிருந்தது.

“போதும், நிறுத்து!” என்று அதனிடமே சொல்லிவிட்டு, கமலவேணி கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மரமணை மேல் ஏறி நின்று சுவிட்சை அணைத்தாள்.

அந்த இயந்திரம் இந்த வீட்டுக்கு வந்த கதை பழையது. பத்து பெரெண்டாம் விமானத் தளத்தில் வேலை பார்த்த துரை ஒருவர், மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் ஊருக்குக் கப்பலேறினார். அவர் விட்டுச் சென்றதை, அங்கே பிட்டராக இருந்த நடராஜன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அம்மா பூங்காவனத்துக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். ‘இனிமே நீ கையால ஒரு கைக்குட்டைகூடத் தோய்க்கக் கூடாது’ என்று சொல்லித்தான் இறக்கினான். ஐந்தே மாதத்தில், வேலைக்குப் போன வழியில், சாலை வளைவில் வந்த ஒரு மர லாரி அவனை இந்த வீட்டிலிருந்து பறித்துக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் கமலவேணியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். மறுமாதமே பண்டார் ஹிலிரில் இருந்த பிரசவ விடுதிக்குப் போய், மேட்ரன் முன்னால் நின்று, விடுதித் துணிகளை நான் வெளுத்துத் தருகிறேன் என்றாள். அன்று முதல் மாமியாரும் மருமகளும் உண்ணும் சோறு அந்த இயந்திரம் போடும் சோறு.

அதற்குத்தான் போன சனிக்கிழமையிலிருந்து அளவு மறந்துவிட்டது. நான்கு நாளாகக் கமலவேணி கையாலேயே அடித்துத் துவைத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். துணி பாதி ஈரமும் பாதிக் கறையுமாகப் போய்ச் சேர்ந்தது. மேட்ரன் நேற்று ஆளிடம் சொல்லியனுப்பிவிட்டார்: இருபது படுக்கை விரிப்பும் எண்பது பிள்ளைத்துணியும் புதன்கிழமை மூன்று மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

அதோடு போயிற்றா? தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாராக இருக்கும் அண்ணன் கருணாகரனின் கடிதம் வேறு. ‘வேலை கையில் இருந்தால் இரு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டி வை. புதன்கிழமை நாலு மணி பஸ்ஸில் வருகிறேன். அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடு.’

அண்ணனுக்கு அவள்மேல் பாசம் உண்டு. அண்ணிக்கு அவள் கைகள்மேல் பாசம். நாலாவது பிரசவத்துக்குத் தேதி குறித்திருக்கும் அந்த வீட்டில் கமலவேணி இரண்டு நாளைக்கு விருந்தாளியாக இருப்பாள். மூன்றாம் நாள் காலை எழுந்ததும் யாராவது ஒரு குழந்தையை இடுப்பில் ஏற்றிவிடுவார்கள். பிறகு இறக்கவே முடியாது.

அவள் போகப் போவதில்லை. அது மட்டும் முடிவு.

“இன்னும் வெளிய தள்ளுதா?” பூங்காவனம் சமையலறை வாசலில் நின்று, மிதந்து வந்த மிதியடியைக் காலால் நிறுத்தினாள்.

“அணைச்சிட்டேன் அத்தை. பாருங்க, அணைச்சதும் தண்ணி நின்னுருச்சி.”

“அணைச்சா நிக்காம? இதுல என்னத்தக் கண்டுபிடிச்சிட்ட?”

கமலவேணி மறுபடியும் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் கொட்டியது. அணைத்தாள். நின்றது. போட்டாள். கொட்டியது. மூன்றாம் முறை அணைத்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

தண்ணீரைத் திறந்து மூடுகிற வாய் கெட்டிருந்தால், கரண்டை நிறுத்தினாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அது ஒழுங்காக மூடுகிறது. அப்படியென்றால் வாயில் குற்றமில்லை. மூடு என்று சொல்ல வேண்டியவன்தான் எங்கேயோ தூங்குகிறான்.

பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டாள். தண்ணீர்க் குழாயை இறுக மூடினாள். வாளியை எடுத்துத் தொட்டித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். பதினோரு வாளி. பிறகு இயந்திரத்தை முன்னால் இழுத்து, பின்தகட்டின் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள்.

“ஏய், ஏய்! அந்தப் பின்னாடியெல்லாம் கழட்டாத!” பூங்காவனத்தின் குரல் திடீரென்று உயர்ந்தது. “சிங்கப்பூர்லருந்து ஆளக் கூப்பிட்டுக்கலாம். மூடி வையி.”

“சிங்கப்பூர் ஆளு வர்றதுக்குள்ள எங்கண்ணன் வந்துருவாரு அத்தை.”

பூங்காவனம் இடுப்பில் தொங்கிய சாவியை விரலால் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கமான அந்தப் பதில் வந்தது.

“வந்தா வரட்டும். போறதும் இருக்கறதும் ஒன் இஷ்டம்.”

உன் இஷ்டம்! இந்த ஒன்றரை வருடத்தில் இதை எத்தனை முறை கேட்டுவிட்டாள். அண்ணன் முதல் தடவை அழைத்தபோதும் இதுதான். பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வந்து, ‘சின்ன வயசுப் பொண்ண இப்படி வேலை வாங்குறீங்களே’ என்று நாக்கை வளைத்தபோதும் இதுதான். கேட்பவர்களுக்குப் பெருந்தன்மையான மாமியார். கமலவேணிக்கோ, கதவைத் திறந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது வேறு சொல். ‘இரு.’ அவ்வளவுதான். அதைப் பூங்காவனத்தின் வாயால் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினால் பிச்சையாகிவிடுமே என்று ஒரு வீம்பு. கேட்ட பிறகும் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். இரண்டும் சேர்ந்து அவளைப் பேசவிடாமலே வைத்திருந்தன.

திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்றது. தகடு வந்தது.

உள்ளே, நடராஜன் காட்டிய அதே வட்ட டப்பா. அதிலிருந்து சுண்டு விரல் பருமனில் கறுப்பு ரப்பர் குழாய் இறங்கி, தொட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது. கமலவேணி குழாயின் மேல் முனையை டப்பாவிலிருந்து மெல்ல உருவினாள். டப்பாவின் மூக்கில் வாயை வைத்து, குழந்தை கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல் மெதுவாக ஊதினாள்.

டிக்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “டப்பா நல்லாத்தான் இருக்கு அத்தை!”

அடுத்துக் குழாயில் வாயை வைத்து ஊதினாள். கன்னம்தான் உப்பியது. மறுபடி ஊதினாள். காது அடைத்தது, கண்ணில் நீர் வந்தது; காற்று ஒரு நூலளவுகூட உள்ளே போகவில்லை. அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. காற்று முட்டினால்தானே டப்பா பேசும்? பாவம், இந்த இயந்திரம் நான்கு நாளாக வயிறு காலி என்றே நினைத்துக் குடித்திருக்கிறது.

கமலவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

இரண்டு சந்து தள்ளிக் கம்போங் செட்டியில் ஏகாம்பரம் பிள்ளையின் வீடு. பெயரெல்லாம் நம் பெயர்தான், நெற்றியில் திருநீறும் உண்டு. பல தலைமுறை இங்கேயே இருந்துவிட்டதால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் சிரித்தார்.

“மெசின் மாபோக் லாகி?”

இயந்திரத்துக்கு இன்னும் போதை தெளியவில்லையா என்பது அவர் கேள்வி. போதை இல்லை, மூச்சடைப்பு என்று கமலவேணி தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, சைக்கிள் பம்பைக் கேட்டாள். பெரியவர் பம்பை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறவர் அல்ல. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாமும் கூடவே வந்தார்.

மூன்று பேருமாக இயந்திரத்தைப் பின்பக்கம் சாய்த்தார்கள். ஏகாம்பரம் பிள்ளை முதுகைக் கொடுத்துத் தாங்கினார். பூங்காவனம் வீங்கிய விரல்களால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அவசரமாகச் செங்கல்லைக் காலால் தள்ளி முட்டுக்கொடுத்தாள். கமலவேணி தரையில் ஈரத்திலேயே படுத்து, கையை உள்ளே விட்டு, குழாயின் கீழ் முனை சேரும் சின்ன ரப்பர்க் கிண்ணத்தைத் திருகி வெளியே எடுத்தாள்.

“ஒரு ஈர்க்கு குடுங்கத்தை.”

பூங்காவனம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தாள்.

குத்தினாள். வழுவழுவென்று ஏதோ நகர்ந்தது. இன்னும் குத்திச் சுழற்றி இழுத்தாள். வெள்ளையாக, கட்டியாக, கொழகொழவென்று ஓர் அடைப்பு மொத்தமாக வந்து அலுமினியத் தட்டில் விழுந்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது.

“சவுக்காரமா?” என்று மலாயில் கேட்டுக் குனிந்தார் ஏகாம்பரம் பிள்ளை.

கமலவேணி விரலால் தொட்டு நசுக்கினாள். சவுக்காரம் இப்படிப் பசையாக இழுபடாது. சமையல் செய்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்.

“கஞ்சி,” என்றாள். “சோத்துக் கஞ்சி.”

கஞ்சி எப்படி வரும்? பச்சைப் பிள்ளைகளின் துணிக்கு யாராவது கஞ்சி போடுவார்களா? விரிப்புகளுக்கும் மேட்ரன் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கமலவேணியின் புடவைகள் மெல்லிய ‘வாயில்’ துணிப் புடவைகள். கஞ்சி கண்டே நாளாயிற்று. பூங்காவனமோ நைந்த கைத்தறியை அலசி உடுத்துகிறவள். இந்த வீட்டில் கஞ்சி போட்டு உடுத்தியவன் ஒருவன்தான்.

கமலவேணியின் தலை மெல்ல நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவள் விடுதிக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கும் போய்த் திரும்ப மதியம் ஆகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தப் போய்ச் சூடு பட்டது. ‘வெயில்ல இருந்துச்சி’ என்றாள் பூங்காவனம். அன்று மழை நாள். இயந்திரம் வழியத் தொடங்கியது சனிக்கிழமை. முதல் நாள் வெள்ளி.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பூங்காவனம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புச் சாவி இப்போது கைக்குள் இறுகியிருந்தது. நடராஜனின் துணிகளை வைத்துப் பூட்டிய டிரங்குப் பெட்டியின் சாவி அது.

கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி போதும். ஆனால் சுவர்க் கடிகாரம் ஒன்பதே கால் என்றது.

“சுடுதண்ணி வைங்கத்தை,” என்றாள் கமலவேணி. “மத்தது அப்பறம்.”

கிண்ணத்தைச் சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். குழாயை முழுவதுமாகக் கழற்றி, ஏகாம்பரம் பிள்ளையின் பம்பை ஒரு முனையில் பொருத்தி அழுத்தினாள். முதல் அழுத்தலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ‘புஸ்’ஸென்று ஒரு வெள்ளைத் துண்டு பறந்துபோய்ப் பெரியவரின் சட்டையில் ஒட்டியது. மூன்றாவதில் காற்று தடையில்லாமல் சீறியது.

“சூடா பாயிக்!” என்று பெரியவர் கைதட்டினார். சரியாகிவிட்டதாம்.

இன்னும் ஆகவில்லை. குழாயின் முனை பழசாகி வெடித்திருப்பதைக் கமலவேணி கவனித்திருந்தாள். அப்படியே மாட்டினால் அந்த வெடிப்பு வழியாகக் காற்று கசியும். டப்பா மறுபடியும் ஊமையாகிவிடும். கத்தியால் அரை அங்குலம் நறுக்கித் தள்ளினாள். நல்ல ரப்பர் வந்தது. டப்பாவின் மூக்கில் இறுக்கமாகச் செருகி, நடராஜனின் சாமான் டின்னிலிருந்த செப்புக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினாள். கிண்ணத்தைப் பொருத்தி இயந்திரத்தை நிமிர்த்தினார்கள்.

தகட்டை மாட்டிவிட்டு, கையைத் துடைத்து, மணை மேல் ஏறினாள். சுவிட்ச்.

தண்ணீர் விழுந்தது. கால் தொட்டி. அரைத் தொட்டி. உள்ளே துரையின் காலத்திலிருந்தே இருக்கும் நீலக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அதை நோக்கி ஏறியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டது. தாண்டியது போலவும் இருந்தது. பூங்காவனம் முருகா என்றாள்.

டிக்.

நின்றுவிட்டது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அதோடு சரி. அடுத்த நொடி இயந்திரம் பழைய உறுமலோடு சுழலத் தொடங்கியது.

ஏகாம்பரம் பிள்ளை பம்பைத் தோளில் துப்பாக்கிபோல் சாய்த்துக்கொண்டு கிளம்பினார். “கோப்பி குடிச்சிட்டுப் போங்க,” என்ற பூங்காவனத்திடம், பிறகு வருகிறேன் என்று கை காட்டினார். கெட்டிக்கார மனிதர். தட்டில் கிடந்த கஞ்சிக்கு இந்த வீட்டுக்குள் ஒரு கணக்குத் தீர வேண்டியிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

பத்தரை மணிக்கு முதல் விரிப்புகள் கொடிக்கு வந்தன. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு விரிப்பின் ஒரு முனையைக் கமலவேணியும் மறுமுனையைப் பூங்காவனமும் பிடித்து உதறினார்கள். நடுவில் வெள்ளைத் துணி மறைத்தது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, பூங்காவனம் பேசினாள்.

“மூணு சட்டை. வெள்ளச் சட்டை. அவ்வளவுதான் போடுவேன். வேற எதுவும் போடமாட்டேன்.”

கமலவேணி துணியை இன்னும் ஒரு முறை உதறினாள்.

“அவன் போன மறுவாரமே எடுத்துத் தோய்ச்சிட்டேன். புத்தியில்லாம தோய்ச்சிட்டேன். அழுக்காக் கெடக்கேன்னு. காஞ்சதும் மூஞ்சில வச்சிப் பாக்கறேன், அவன் வாசம் போயிருச்சி. சவுக்காரந்தான் மணக்குது.” துணியின் அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் தடுமாறி நின்றது. “போனது போச்சி. வெறப்பாச்சும் இருக்கட்டும்னு கஞ்சி போட ஆரம்பிச்சேன். கஞ்சி போட்டு, நீ தூங்கினப்பறம் ஆணியில மாட்டினா, ஆளு உள்ள நிக்கிற மாதிரியே நிக்கும். ரெண்டு நாளைக்கு. அப்பறம் ஈரக் காத்துக்குத் தொவண்டுரும். அடுத்த வெள்ளிக்கு மறுபடியும் போடுவேன். போன வெள்ளிக்கிழமை ஒரே மழை, சீக்கிரம் தொவண்டுரக் கூடாதேன்னு கொஞ்சம் கெட்டியாக் காய்ச்சிட்டேன்.”

“கையால போட்டிருக்கலாமே அத்தை? மூணு சட்டைதானே?”

“கையால தோய்க்கக் கூடாதுன்னு சொன்னான்ல?”

கமலவேணியின் கை விரிப்பின் ஓரத்தை இறுகப் பிடித்தது. காற்று வந்து துணியைத் தூக்கிற்று. பூங்காவனம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை ஒன்றரை வருடமாகக் கல் என்று நினைத்திருந்தாள் கமலவேணி.

“கழுத்தறுக்குதுன்னு கத்துவாரு,” என்றாள்.

“கத்துவான். கத்திட்டு அதையேதான் போடுவான்.”

“தீவாளி அன்னிக்குச் சட்டையக் கழட்டித் தரையில வச்சாரு, அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சி. பசியாறுனியான்னு அதுக்கிட்டயே கேட்டாரு.”

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விரிப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, விடுதித் துணி!” என்று கமலவேணி அலறினாள், பிறகு அவளும் சிரித்தாள். அந்த ஒரு விரிப்பை மறுபடியும் இயந்திரத்தில் போட வேண்டியதாயிற்று.

இரண்டரை மணிக்கு மூட்டைகளோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினாள். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விடுதி வாசலில் இறங்கினாள். மேட்ரன் ஒரு விரிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பிள்ளைத்துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் உரிந்த உள்ளங்கையைப் பார்த்தார். “நாளைக் காலையில் அடுத்த மூட்டைக்கு வா,” என்றார். உள்ளேயிருந்து ஏதோ ஒரு புதுக் குரல் வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தையின் துணியும் நாளை நம் வீட்டுக் கொடியில்தான் காயும் என்று எண்ணிக்கொண்டே கமலவேணி திரும்பினாள்.

நாலரைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தபோது கருணாகரன் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். கிராணியாரின் கறுப்புக் குடை கதவோரம் சாய்ந்திருந்தது.

“வாங்கண்ணே. பசியாறுனீங்களா?”

“ஆச்சி. பெட்டி எங்க?”

“கட்டல.”

“மெசின இரும்புக்காரனுக்குப் போட்டாச்சா?”

பதிலைப் பின்கட்டே சொல்லிற்று. பூங்காவனம் வீட்டுத் துணிகளைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, ஏறியது. டிக். உறுமல்.

கருணாகரன் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “யாரு செஞ்சா?”

“நான்தான்.”

“நீயா? வீட்டுல ஒங்கண்ணி ரேடியோவத் திருகச் சொன்னா பயப்படறா!” சிரித்தார். நல்ல சிரிப்பு. ஆனால் உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது. “வேலை இருந்தா இருன்னு எழுதினேன். எழுதினது எழுதினதுதான், பேச்சு மாற மாட்டேன். ஆனா ஒண்ணு யோசி கமலா. இது அத்தையோட வீடு. வேலை விடுதி குடுக்கும். எடம் யாரு குடுக்கறது? நாளைக்கு யாரும், பொறந்த எடத்துல வச்சிக்க வக்கில்ல, இங்க ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பேசக்கூடாது. அவங்க வாயால ஒரு வார்த்தை வரணும். அஞ்சரைக்கு பஸ்ஸு. வார்த்தை வந்தா நான் மட்டும் ஏறுவேன். வரலன்னா ரெண்டு பேரும் ஏறுவோம்.”

அவர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். “அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?”

பூங்காவனம் சுவரில் சாய்ந்து நின்றாள். சாவி விரலில் சுற்றியது, சுற்றியது. உதடு அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று கமலவேணி பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் கொடியடியில் சிரித்த முகம், இதோ மறுபடியும் மூடிக்கொள்கிறது.

“நான் என்ன தம்பி சொல்றது? சின்ன வயசு. நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை வேணாமா? நான் கட்டிப்போட்டேன்னு ஆயிரக்கூடாது. அவ இஷ்டம்.”

கருணாகரன் குடையை எடுத்தார்.

கமலவேணிக்கு இப்போதுதான் உறைத்தது. கட்டிப்போட்டேன் என்று ஆகிவிடக் கூடாதாம்! இதற்காகவா? இத்தனை நாளாக இதற்காகத்தானா அந்த ‘உன் இஷ்டம்’? பொங்கலுக்கு வந்தவர்கள் நாக்கை வளைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இவள் தன் வாயைப் பூட்டிக்கொண்டு அதற்கும் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறாள். இவளிடமிருந்து தானாக வராது. இன்னும் பத்து வருடம் போனாலும் வராது.

வீம்பு என்று ஒன்று இருந்ததே, அதைத் தேடினாள். காணோம். பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈரம் காயாத கையோடு போய் மாமியாரின் முன்னால் நின்றாள். சாவியைத் திருகிக்கொண்டிருந்த வீங்கிய விரல்களை, சாவியோடு சேர்த்து, தன் உரிந்த கைக்குள் பிடித்தாள்.

“என் இஷ்டம் என்னன்னு இப்பச் சொல்றேன், கேளுங்க. வெள்ளிக்கெழம கஞ்சிய இனிமே நான் காய்ச்சி, தனி வாளியில போடறேன். சட்டையையும் நானே மாட்டி வைக்கிறேன். அதுக்கு நான் இங்க இருக்கணும்.” பிடியை விடாமல் மீதியையும் சொன்னாள். “யாரும் என்னைக் கட்டிப்போட வேணாம். இருன்னு மட்டும் சொல்லுங்க அத்தை. ஒரே ஒரு தடவ, ஒங்க வாயால, என்னை இருன்னு சொல்லுங்க.”